யானைக்கும் ஒன்பது டு ஆறு!

தமிழனுக்கு வசந்த காலம் என்று ஒன்று உண்டா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். சினிமாப் பாட்டில் உண்டு. ஓட்டல் போர்டில் உண்டு. நிஜத்தில்? தை மாசப் பனிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிகிறோம். மாசி பாதியில் அதைக் கழற்றினால் மறுநாளே ஃபேனை ஐந்தில் வைக்க வேண்டியிருக்கிறது. நடுவில் வசந்தம் எப்போது வந்தது, எந்த பஸ்ஸில் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ்களில் அது 'மார்ச் எண்ட்' என்ற பெயரில் வருகிறது. கையில் பூ இருக்காது, பேலன்ஸ் ஷீட்தான் இருக்கும்.

வசந்தத்தைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடிப்பவர்கள் மார்ச் முதல் பாதியில் மைசூரிலிருந்து ஊட்டி போகும் ரோட்டைப் பிடிக்கலாம். குண்டுலுபேட்டை தாண்டினால் பந்திப்பூர் தேசியப் பூங்கா. அது முடிகிற இடத்தில் கக்கநல்லா சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் நம்ம முதுமலை. மாநிலம் மாறுவது நமக்கும் செல்போன் கம்பெனிக்கும்தான் தெரியும். மானுக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே ஒரே காடு.

அந்த மாசத்தில் காடு பச்சையாக இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அந்த மொட்டைக் கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு மரம் தீப்பிடித்த மாதிரி நிற்கும். ஒரு இலை கிடையாது, கிளை முழுக்க ஆரஞ்சுப் பூ. புரசு மரம். சென்னைக்காரர்கள் தினம் உச்சரிக்கிற மரம்தான் இது. புரசைவாக்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். அங்கே கங்காதீசுவரர் கோயிலின் தலமரம் புரசு. ஊர் முழுக்கப் புரசு பூத்த காலம் போய், இப்போது ஊர் முழுக்க டிராஃபிக் பூத்திருக்கிறது. பந்திப்பூரில் மட்டும் புரசு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மைனா, கிளி, தேன்சிட்டு எல்லாம் காலையிலேயே அங்கே டிபனுக்கு வந்துவிடுகின்றன.

இதையெல்லாம் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் காரில் கிளம்பினோம். அடியேன் தவிர மற்ற மூவரின் நிஜப் பெயர்களை வெளியிட்டால் ஆபீஸில் சட்டசபை கூடிவிடும். ஆகவே பட்டப்பெயர்கள். முதலாமவர் 'லென்ஸ்'. இ.எம்.ஐ.யில் ஒரு கேமரா லென்ஸ் வாங்கியிருக்கிறார். நீளம் பார்த்தால் போலீஸ் விசாரிக்கும். இரண்டாமவர் 'ரூட்டு'. கையில் மேப் இருந்தும் கண்ணாடியை இறக்கி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வழி கேட்பவர். மூன்றாமவர் 'ஸ்நாக்ஸ்'. விளக்கம் தேவையில்லை.

பந்திப்பூர் ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு கேட்டை மூடுவார்கள். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். இது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்நாக்ஸுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம், மத்தூரில் வடை சூடாகக் கிடைக்கும் என்பது. 2023-ல் வந்த பெங்களூர்-மைசூர் புது விரைவுச்சாலை, மத்தூருக்குள் நுழையாமலே உங்களைக் கொண்டு போய்விடும். "வடையைத் தாண்டிப் போற ரோடெல்லாம் ஒரு ரோடா?" என்று ஸ்நாக்ஸ் கேட்டார். இறங்கினோம். வெங்காயம் தூக்கலாகப் போட்டு, தட்டை மாதிரி தட்டி, வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. ஆளுக்கு இரண்டு என்றுதான் பேச்சு. பேச்சை யார் கேட்டார்கள்?

சோதனைச்சாவடிக்கு வந்தபோது மணி ஒன்பது பதினொன்று.

"சார், பதினொரு நிமிஷம்தானே..." என்று ரூட்டு கார்டிடம் தனக்குத் தெரிந்த நாலரை கன்னட வார்த்தைகளில் ஆரம்பித்தார். கார்டு கடிகாரத்தைக் காட்டினார். லென்ஸ் தன் விசிட்டிங் கார்டை எடுத்தார். அவர் மறுபடியும் கடிகாரத்தைக் காட்டினார். ஸ்நாக்ஸ் வடைப் பொட்டலத்தை நீட்டினார். அதை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் காட்டினார். இப்படியொரு அதிகாரியை ஆயுசில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. அதற்காக அன்றைக்கேவா!

*

கேட்டுக்கு முன்னால் ஏற்கெனவே ஏழெட்டு லாரிகள் ஓரங்கட்டி நின்றன. முதல் லாரியில் தக்காளி லோடு. டிரைவர் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, தமிழா? அவரு உடமாட்டாருங்க. சீட்டைச் சாச்சுப் படுங்க. காத்தால ஆறு மணிக்கு டாண்ணு தொறப்பாங்க" என்றார். சத்தியமங்கலம் பக்கமாம். இந்த ரூட்டில் இருபத்திரண்டு வருஷம்.

"உங்களுக்கு இது கஷ்டமில்லையா அண்ணே? தக்காளி வேற..."

"கஷ்டம்தானுங்க. பதினோரு மணிக்கு கூடலூரு சேர வேண்டிய லோடு. இங்கியே கெடந்து பாதி பழுத்துருது. வாரத்துல ஒரு ட்ரிப்பு போச்சு."

இந்தக் கேட்டின் கதை 2009-ல் ஆரம்பிக்கிறது. பந்திப்பூருக்குள் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் போகின்றன. ஒன்று ஊட்டிப் பக்கம், இன்னொன்று வயநாட்டுப் பக்கம். ராத்திரியில் லாரியும் காரும் மோதி மான், சிறுத்தை, யானை என்று செத்துக்கொண்டே இருந்ததால், அந்த வருஷம் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்தை நிறுத்தியது. எதிர்ப்பு வந்ததும் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2010 மார்ச்சில் தடை சரிதான் என்று தீர்ப்பு சொன்னது. கேரளா உச்சநீதிமன்றம் வரை போனது. 2019-ல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. வயநாட்டுக்காரருக்கு மைசூர்தான் மார்க்கெட், அதுதான் ஆஸ்பத்திரி. அதனால்தான் ஆம்புலன்ஸையும் எண்ணிச் சில அரசு பஸ்களையும் ராத்திரியிலும் விடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் முதுமலையிலும் இதே ஒன்பது டு ஆறு.

"அப்ப இந்தத் தடையை எடுத்துட்டா உங்களுக்கு சந்தோஷம்தானே?" என்றார் லென்ஸ்.

டிரைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பீடியைப் பற்ற வைக்க எடுத்தவர், காட்டுப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"தடை வர்றதுக்கு முந்திங்க. ராத்திரி ஒரு மணி. ஒரு கடமானு, பொட்டை. நட்ட நடு ரோட்டுல லைட்டைப் பாத்துட்டு அப்பிடியே நின்னுருச்சு. ஓடுனா தப்பிச்சிருக்கும். ஓடல. பிரேக் அடிச்சா லோடு கவுந்துரும். நான் அடிக்கல. எறங்கிப் பாத்தா... வயித்துல குட்டி." சிறிது நிறுத்தினார். "அன்னிக்கு என் சம்சாரத்துக்கு எட்டாம் மாசமுங்க."

யாரும் பேசவில்லை. ஸ்நாக்ஸ் வடைப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடமான் ஏன் ஓடவில்லை? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மானின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது இன்னொரு முறை திருப்பி அனுப்பும். நட்சத்திர வெளிச்சத்தில் கூட மான் நடப்பது அதனால்தான். ராத்திரியில் மான் கண் பளபளப்பதும் அதனால்தான். அப்படிப்பட்ட கண்ணில் ஒரு லாரி ஹெட்லைட்டை அடித்தால், நம் முகத்துக்கு நேரே வெல்டிங் வைத்த மாதிரி. எங்கே ஓடுவது என்றே தெரியாது. நிற்கும். ராத்திரியில் பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்ட கண்ணே அதற்கு எமனாகிவிடுகிறது.

சீட்டைச் சாய்த்துப் படுத்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நம் ஆபீஸ் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு. காட்டின் ஆபீஸ் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு. யானை தண்ணிக்குப் போக, புலி ரவுண்ட்ஸ் போக, முள்ளம்பன்றி கிழங்கு தோண்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒன்பது மணி நேரம். மிச்சம் பதினைந்து மணி நேரமும் நமக்கு. வீடு அவர்களுடையது; ஆனால் பாதிக்கு மேல் நேரம் நாம்தான் ஹாலில் வண்டி ஓட்டுகிறோம். எந்த ஹவுஸ் ஓனராவது இப்படி அட்வான்ஸ், வாடகை எதுவும் வாங்காமல் விடுவாரா?

*

காலை ஐந்தே முக்காலுக்கு எல்லா லாரியும் உறுமத் தொடங்கின. ஆறு மணிக்கு கேட் திறந்தது. தக்காளி லாரி முன்னால், நாங்கள் பின்னால்.

அந்த முதல் அரைமணி நேரத்துக்காக இன்னொரு ராத்திரி கூட காரில் சுருண்டு படுக்கலாம். ரோட்டில் நிறைய வேகத்தடை போட்டிருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. ஓரத்து மண்ணில் ராத்திரி ஷிப்டின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அப்படியே கிடந்தது: குளம்பு, நகம், முறம் அளவு வட்டமாக யானைக் கால்தடம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கறுப்பாகக் கருகியிருந்தது. "ஐயோ, காட்டுத் தீயா?" என்றார் ரூட்டு. இல்லை. கோடை வருவதற்கு முன்னால் வனத்துறையே ரோட்டோரப் புல்லைக் கொளுத்தி வைப்பார்கள். நாளைக்கு யாராவது ஒரு புண்ணியவான் சிகரெட் துண்டை வீசினால் தீ அந்தக் கறுப்புப் பட்டையிலேயே நின்றுவிட வேண்டும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பிடித்த தீ பல ஆயிரம் ஏக்கரைத் தின்றுவிட்டுத்தான் அணைந்தது. டிரைவர் பீடியைப் பாக்கெட்டில் போட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புள்ளிமான்கள் கூட்டமாக நின்றன. மேலே மரத்தில் சாம்பல் மந்திகள். இந்த இரண்டு பேருக்கும் ஒரு பார்ட்னர்ஷிப் உண்டு. மந்தி மேலேயிருந்து பார்த்து ஆபத்து என்றால் இருமுகிற மாதிரி கத்தும். மான் கீழேயிருந்து மோப்பம் பிடித்துக் குரல் கொடுக்கும். இதற்கு மந்தி தரும் சம்பளம், கடித்துவிட்டுக் கீழே போடுகிற இலையும் காயும். நம்ம ஆபீஸில் அக்கவுண்ட்ஸுக்கும் சேல்ஸுக்கும் இவ்வளவு ஒற்றுமை இருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும்.

கொஞ்ச தூரத்தில் நாலு காட்டுமாடுகள். காட்டெருமை என்று நாம் சொல்வது வழக்கத்தில் வந்த பெயர்தான். எருமைக்கும் இதற்கும் சொந்தமில்லை, இது மாட்டு வம்சம். நன்றாக வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரும். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. யாரோ ஸ்கூல் சாக்ஸ் போட்டு அனுப்பிய மாதிரி நின்று எங்களைப் பார்த்தன. லென்ஸ் 'ஸ்டாப், ஸ்டாப்' என்றார். இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அபராதம் என்று பத்து அடிக்கொரு போர்டு. அவருடைய லென்ஸில் ஒரு வால் மட்டும் விழுந்தது. அது எந்த மிருகத்தின் வால் என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேற்றுமை.

அடுத்த வளைவில் தக்காளி லாரி பிரேக் போட்டது.

இடது பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. லாரி ஐம்பது மீட்டருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்தார். நாங்களும் அணைத்தோம். முதலில் ஒரு பெரிய பெண் யானை. கூட்டத்தின் தலைவி எப்போதும் மூத்த பெண்தான். ஆண்கள் வளர்ந்ததும் வெளியே அனுப்பப்படுவார்கள். (இதைக் கேட்ட ஸ்நாக்ஸ், "எங்க வீட்டுலயும் அதே சிஸ்டம்தான்" என்றார்.) அவள் ரோட்டின் நடுவில் வந்து எங்களைப் பார்த்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று மற்றவை கடந்தன. சத்தமே இல்லை. மூவாயிரம் கிலோ உடம்பு, காலடியில் சருகு கூடச் சத்தமில்லாமல் நசுங்குகிறது.

கடைசியில் ஒரு அம்மாவும் குட்டியும். அம்மா ரோட்டைத் தாண்டிவிட்டாள். குட்டி ஓரத்தில் நின்று தாரை முகர்ந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெரிய வண்டி, விடாமல் ஹாரன். எங்களை ஓவர்டேக் செய்தது. மேல்கூரைக் கண்ணாடியைத் திறந்து, இடுப்பு வரை வெளியே வந்து ஒரு பையன் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தான். லாரியையும் தாண்டி, தலைவிக்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்து போய்விடலாம் என்பது அந்த வண்டிக்காரர் கணக்கு. குட்டி பயந்து நாலு அடி பின்னால் ஓடியது. அந்தப் பக்கம் அம்மா பிளிறினாள். பிளிறல் என்று எத்தனையோ முறை எழுத்தில் படித்திருக்கிறேன். நெஞ்சுக்கூட்டுக்குள் அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவி காதை விரித்தாள்.

தக்காளி லாரி மெதுவாக உயிர் பெற்றது. முன்னால் போகவில்லை. வலது பக்கமாகச் சாய்ந்து, ரோட்டைக் குறுக்கே மறித்து நின்றது. வயசான ஒரு மனுஷர் வாசலில் கையை ஊன்றி நிற்பது மாதிரி. பெரிய வண்டி கீச்சென்று பிரேக் போட்டது. ஹாரன் அடித்தார்கள். கத்தினார்கள். டிரைவர் இறங்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, 'பொறு' என்கிற மாதிரி கீழ்நோக்கி அசைத்தார். மேலே நின்ற பையனுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டான். ஹாரன் நின்றது.

என் வாட்ச்சில் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் காரில் யாரும் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. லென்ஸின் கேமரா மடியிலேயே கிடந்தது. அம்மா திரும்பி ரோட்டுக்கு வந்தாள். தும்பிக்கையால் குட்டியின் முதுகைத் தொட்டாள். ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி அதை நகர்த்திக்கொண்டு போனாள். குட்டி ரோட்டின் நடுவில் ஒரு முறை வழுக்கி, எழுந்து, ஓடி, மறுபக்கத்துப் புதரில் மறைந்தது. தலைவி கடைசியாகப் போனாள். போகும் முன் ஒரு தடவை லாரியைப் பார்த்தாள். நன்றி சொன்னாள் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். பார்த்தாள். அவ்வளவுதான்.

லாரி நேரானது. கிளம்பிவிட்டது.

*

கக்கநல்லாவில் தமிழ்நாட்டு சோதனை. நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்நாக்ஸின் பையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த சோதனை ஊழியர், "கடை ஏதும் வச்சிருக்கீங்களா சார்?" என்று நிஜமான மரியாதையோடு கேட்டார்.

அங்கிருந்து தெப்பக்காடு யானை முகாம். காலையில் ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேக வைத்து, வெல்லம் சேர்த்து, கட்டி கட்டியாக உருட்டி ஊட்டுகிறார்கள். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தின் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற குட்டியை வளர்த்தது இங்கேதான். ரகுவின் அம்மா கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்தவள். நம் ஊர்க் கரண்ட்.

இதே முகாமில் மூர்த்தி என்று ஒரு யானை இருந்தது. கொம்பில்லாத ஆண், மக்னா. இருபது பேருக்கு மேல் கொன்ற யானை என்று பெயர். 1998-ல் கூடலூர் பக்கம் பிடித்தார்கள். பிடித்தபோது அதன் உடம்பெல்லாம் காயம். அதற்கு வைத்தியம் பார்த்தவர் தமிழ்நாடே 'யானை டாக்டர்' என்று கூப்பிட்ட வி.கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயரையே அதற்கும் வைத்தார்கள். காயம் ஆறியதும் மூர்த்தி சாதுவாகி, கால் நூற்றாண்டு முகாமில் இருந்து 2024-ல் இறந்தது. கொலைகார யானை என்று ஊர் சொன்னது. அந்த யானையிடம் கேட்டால் அது எந்தெந்த ஊரைக் கொலைகார ஊர் என்று சொல்லியிருக்குமோ!

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. தெப்பக்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மசினகுடி. 2021 ஜனவரியில் அங்கே ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரிகிற துணியை வீசினார்கள். அது காதில் ஒட்டிக்கொண்டு எரிய, யானை ஓடியது. சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவித் தடவி ஒரு வனக்காவலர் அழுத வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அதை இரண்டாவது முறை பார்க்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, மார்ச் எண்ட் ஆடிட்டுக்கு முன்னால் லீவு கிடைத்தால் அவசியம் போய்வாருங்கள். போகுமுன் நாலு விஷயம். ஒன்று, நீலகிரிக்கு 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் முறை வந்துவிட்டது. கிளம்பும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, காட்டு ரோட்டில் இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். அதற்கு ஷுகர் வந்தால் நீங்களா இன்சுலின் போடப் போகிறீர்கள்? மூன்று, செல்ஃபி. 2025 ஆகஸ்டில் இதே பந்திப்பூர் ரோட்டில் யானையைப் படமெடுக்கக் கிட்டே போன ஒருவரை அது துரத்திக் கீழே தள்ளியது. பிழைத்ததே அதிர்ஷ்டம். வனத்துறை இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. அந்தக் காசில் நல்ல ஸ்டுடியோவில் ஆயுசுக்கும் படம் எடுத்துக்கொள்ளலாம். நாலு, புலி. பார்த்தால் அதிர்ஷ்டம், பார்க்காவிட்டால் திட்டாதீர்கள். புலி எங்கள் எம்.டி. மாதிரி. நாம் அவரைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை. யார் லேட்டாக வந்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தினமும் தெரியும்.

முக்கியமாக, ஒன்பது மணி கேட்டில் யாரிடமும் சண்டை போடாதீர்கள். அங்கே சண்டை போட நியாயமுள்ளவர் ஒருவர்தான். வாரத்துக்கு ஒரு ட்ரிப் நஷ்டத்தோடு துண்டை விரித்து அதன்மேல் படுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனில் லென்ஸ் அந்த வால் போட்டோவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த மார்ச்சுல மறுபடி போறோம். இந்தத் தடவை எட்டு மணிக்கே கேட்டைத் தாண்டிடணும்" என்றார் ரூட்டு.

"எதுக்கு?" என்றார் ஸ்நாக்ஸ், போண்டாவைப் பிட்டுக்கொண்டே. "நிதானமா மத்தூர்ல வடை சாப்பிட்டு, ஒன்பதேகாலுக்குப் போவோம். காலையில முதல் வண்டி நாமதான். அந்த அண்ணனுக்கும் ஒரு பார்சல் வாங்கிக்கலாம்."

பேலன்ஸ் ஷீட் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் ஸ்நாக்ஸ் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.